புல்லுக்கு வலி போதாது

ஒன்பது நிமிடப் படம். அதில் யாரும் சாகவில்லை, யாரும் சிறைக்குப் போகவில்லை, ஜன்னலோரம் நின்று யாரும் பெருமூச்சு விடவில்லை. ஒரு வீட்டு வாசலில் புல் கொஞ்சம் கோணலாக வெட்டப்பட்டது, அவ்வளவுதான். இப்படியொரு படத்தை எடுத்து, கறுப்பின மக்களின் வாழ்வையும் அடையாளத்தையும் சமூகத்தையும் பற்றிய ஆவணக் குறும்படங்களைக் கைதூக்கிவிடுவதற்கென்றே நடந்துவந்த ஆழ்குரல் மையத்துக்கு அனுப்பிவைத்தாள் வெர்னீஸ் காட்ஸன். அவளை அசட்டுத் துணிச்சல்காரி என்றுதான் சொல்ல வேண்டும்.

சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, “டாக்டர் இதோ வந்திடுவார்” என்று நாள் முழுக்கப் பொய் சொல்வது அவள் வேலை. படம் எடுக்கும் எண்ணமெல்லாம் அவளுக்கு இருந்ததில்லை. எதிர்வீடுகள் இரண்டும்தான் அவளை இதில் இழுத்துவிட்டன.

அந்த இரண்டில் ஒன்று மிஸ் ஒடெஸா டாலிவருடையது. உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், தெருச் சங்கத்தின் தலைவி. தெருமுனைப் பலகையில் ‘பந்து விளையாடக் கூடாது, கார் கழுவக் கூடாது, சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது, சும்மா நிற்கக் கூடாது’ என்று எழுதியிருப்பதெல்லாம் அவருடைய வாசகம். பக்கத்து வீடு மிஸ்டர் பர்னெல் ஸ்டாக்ஸுடையது. தபால் பை சுமந்து ஓய்ந்தவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவர் கொஞ்சியது வாசல் புல்லை மட்டும்தான்.

கோடைதோறும் தெருச் சங்கம் சிறந்த புல்தரைக்குப் பரிசு தரும். பரிசு என்றால் ஒரு சின்ன மரப்பலகை. ஜெயித்தவர் வாசலில் அதை நட்டுவைப்பார்கள். வருடா வருடம் அது ஒடெஸாவின் வாசலில்தான் நடப்பட்டது. பரிசுக் குழுவின் தலைவியும் ஒடெஸாதான். ஒரு கூட்டத்தில் பர்னெல் எழுந்து, “போட்டியும் நீங்க, நடுவரும் நீங்க. கையும் நீங்களே தட்டிக்கிட்டா எங்களுக்கு வேலை மிச்சம்” என்று சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

நின்றது என்றால் முற்றாக நிற்கவில்லை. நேரே பேசுவதுதான் நின்றது. இருவரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நிற்பார்கள், நடுவில் வெர்னீஸ் மாட்டுவாள்.

“வெர்னீஸ் கண்ணு, அந்த மனுஷன்கிட்ட சொல்லு, அவரு தண்ணி பீச்சுறது என் கார்மேல விழுது.”

“வெர்னீஸ், அந்தம்மாகிட்ட சொல்லு, ஓசியில கார் கழுவியாச்சுன்னு நெனச்சுக்கச் சொல்லு.”

“கார் கழுவக் கூடாதுன்னு பலகையிலயே போட்டிருக்குன்னு சொல்லு.”

இருவரும் கைநீட்டினால் தொட்டுக்கொள்ளும் தூரத்தில் இருப்பார்கள். வெர்னீஸ் வாயைத் திறக்கும் முன்பே பேச்சு முடிந்துபோகும்.

போன கோடையில் ஒடெஸாவுக்கு முட்டி மாற்று ஆபரேஷன் நடந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே போட்டி நெருங்கிவிட்டது. ஒரு நாள் விடிகாலையில் பல் தேய்த்துக்கொண்டே மாடி ஜன்னல் வழியே பார்த்த வெர்னீஸ், பர்னெல் புல்வெட்டும் தன் கைத்தள்ளு வண்டியைச் சத்தமில்லாமல் உருட்டி ஒடெஸாவின் புல்லை வெட்டிக்கொண்டிருப்பதைக் கண்டாள். வாயில் நுரையோடு போனை எடுத்துப் படம் பிடித்தாள். மனிதர் கோடு போட்டதுபோல வெட்டினார். ஓரங்களைக் குனிந்து கத்தரிக்கோலால் சீவினார். கடைசியில் நடைபாதை ஓரமாக ஒரே ஒரு வரிசையை மட்டும் வேண்டுமென்றே கோணலாக விட்டார். தள்ளி நின்று பார்த்தார். போதவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும், திரும்பப் போய் இன்னும் கொஞ்சம் கோணலாக்கினார்.

நிமிர்ந்தபோது ஜன்னலில் வெர்னீஸைப் பார்த்துவிட்டார். “அழிச்சிரு” என்று சைகை காட்டினார். சில நாள் கழித்து அவரே படியேறி வந்தார்.

“அழிச்சிட்டியா?”

“இல்ல.”

“அழிக்காத.”

தலைவி படுக்கையில் இருந்ததால் குழுவின் மற்றவர்களே தீர்ப்புச் சொல்ல, அந்த வருடம் பரிசுப் பலகை பர்னெலின் வாசலில் நடப்பட்டது. ஊன்றுகோலோடு வீடு திரும்பிய ஒடெஸா, சர்ச்சிலிருந்து உதவிக்கு வந்த, சபை ஊழியர் டீக்கன் ஹாலிஸின் மகன்தான் இப்படிக் கோணலாக வெட்டித் தன் மானத்தை வாங்கிவிட்டான் என்று முடிவுகட்டினார். “நான் வெட்டவே இல்ல மிஸ் ஒடெஸா” என்று அவன் கெஞ்சியும் அவருடைய வெண்ணெய் கேக் அவனுக்கு அன்றோடு நின்றது. ஹாலிஸின் மகனுக்கு வயது முப்பத்தைந்து. ரயில்வேயில் வேலை. ஆனாலும் அந்த கேக்குக்காக அவன் நிஜமாகவே வருந்தினான்.

வெர்னீஸ் போனும் கையுமாக மிச்சத்தையும் எடுத்துச் சேர்த்தாள். இருவரும் புல்லைப் பற்றிப் பேசியது, ஒருவரையொருவர் வைதது, கடைசியில் அந்தக் காலைக் காட்சி. பர்னெல் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“தனியா போன்ல காட்டாத புள்ள. போனத் தூக்கி என் மண்டையில எறிஞ்சிரும் அந்தம்மா. பெரிய திரையில, எல்லாரோடயும் உக்காந்து பாக்கட்டும். என் வாயால சொல்லலாம்னா நாக்கு மேல ஒட்டிக்குது.”

பெரிய திரைக்கு எங்கே போவது? தேர்வாகும் படத்தை நகர நடுவிலுள்ள தன் அரங்கில் திரையிடுவதாக ஆழ்குரல் மையம் அறிவித்திருந்தது. அப்படித்தான் படம் அங்கே போனது. தேர்வும் ஆனது. தெருவே குதித்தது. ஒடெஸா அன்றைக்கே புதுத் தொப்பி வாங்கிவிட்டார்.

*

மையம் மூன்று மாடிக் கண்ணாடிக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் ஒரு சுவர் முழுக்க வண்ணச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. மேலே ‘வலிச் சுவர்’ என்று எழுதியிருந்தது. இயக்குநர் டாக்டர் ஃபிலிப்பா வென்ட்வொர்த் இரண்டு கைகளாலும் வெர்னீஸின் கையைப் பொத்திக்கொண்டார். பொத்தியவர் வெகுநேரம் விடவில்லை.

“உங்கள் படம் எங்களை உலுக்கிவிட்டது, வெர்னீஸ். ஆகவேதான் அதை முழுவதுமாக மாற்ற விரும்புகிறோம்.”

பக்கத்தில் கழுத்துத் துணி சுற்றிய ஓர் ஒல்லி இளைஞன் நின்றான். பெயர் கேம்டன். பதவி, ஆழ அதிகாரி. படங்களை ஆழப்படுத்துவது அவன் வேலை.

“முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி” என்றான் கேம்டன். “உங்கள் படத்தில் புல் என்பது என்ன?”

வெர்னீஸ் யோசித்தாள். “புல்லுதாங்க.”

கேம்டன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு ஒரு மஞ்சள் சீட்டில் ‘புல் புல்தான் என்கிறார். ஆழ்ந்த மறுப்பு நிலை’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினான்.

“இருக்கட்டும். வலி எங்கே இருக்கிறது?”

“வலியா? மிஸ் ஒடெஸாவுக்கு முட்டியில இருந்துச்சு.”

“முட்டி!” டாக்டர் ஃபிலிப்பா எழுந்தே விட்டார். “கேம்டன், எழுதிக்கொள். மண்டியிட மறுத்த முட்டி!”

“இல்லங்க, மண்டி போட முடியலைன்னுதான் ஆபரேஷனே பண்ணுனாங்க. இப்ப சர்ச்சுல நல்லா மண்டி போடுறாங்க.”

“அதை வெளியே சொல்ல வேண்டாம்” என்றார் டாக்டர் ஃபிலிப்பா, மெதுவாக, நோயாளியிடம் பேசுவதுபோல.

அடுத்து உண்மைத்தன்மை ஆய்வு. அதற்கென்றே ஓர் அறை, அறைக்குள் மையத்தின் அடையாள ஆலோசகர் டாக்டர் ஜூலியன் மார்ச்பேங்க்ஸ். கிழக்குக் கடற்கரையில், குதிரை லாயம் வைத்த வீட்டில் வளர்ந்தவர். கறுப்பின அடையாளத்தைப் பற்றி நான்கு தடித்த நூல்கள் எழுதியவர். தெற்குப் பக்கத்துக்கு வந்ததில்லை. வந்தால் தன் ஆய்வு நோக்கு கலங்கிவிடுமே என்ற அச்சம் அவருக்கு.

“உங்கள் படம் போதிய அளவு கறுப்பினத்தன்மை கொண்டதா என்பதில் குழுவுக்கு ஐயம் இருக்கிறது” என்றார்.

வெர்னீஸ் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். “நான் பொறந்ததுலேர்ந்தே கறுப்பிதான் சார்.”

“அது உங்கள் தரப்பு. நான் கேட்பது படத்தைப் பற்றி. இரண்டு முதியவர்கள் புல்லுக்காகச் சண்டை போடுகிறார்கள். இதை எவரும் செய்யலாமே.”

“எவரும் செய்யலாம் சார். எங்க தெருவுல நாங்க செய்யுறோம்.”

“அதுதான் சிக்கல்” என்று பெருமூச்சு விட்டார் மார்ச்பேங்க்ஸ். “நீங்கள் வாழ்கிறீர்கள். வாழ்வது எளிது. பிரதிநிதித்துவம் செய்வதுதான் கடினம்.”

வெளியே வரும்போது வெர்னீஸின் கையில் ‘உண்மைத்தன்மை: நடுத்தரம். முயற்சி தேவை’ என்று ஒரு சான்றிதழ் இருந்தது. அன்று மாலை பல் மருத்துவமனைக் கண்ணாடியில் அவள் தன் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டாள். நடுத்தரமாகத் தெரியவில்லை.

*

மையத்தின் படக்குழு தெருவுக்கு வந்தது. எல்லோரும் வாசலில் நின்று, சிரிக்காமல், பேசாமல், கேமராவை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும் என்றான் கேம்டன். இப்படிப் பார்ப்பதற்குப் பெயர் ‘கண்ணியச் சட்டகம்’.

“எதுக்குத் தம்பி, பாஸ்போர்ட்டுக்கா?” என்றார் பர்னெல்.

“உங்கள் மௌனம் பேச வேண்டும்.”

“அதுக்கு நான் பேசிட்டாலே போதுமே. கரண்டாவது மிச்சம்.”

ஒடெஸா புதுத் தொப்பியும் கையுறையும் நீல உடையுமாக இறங்கி வந்தார். அன்றாட உடையில் இருந்தால் நன்றாயிருக்கும் என்று கேம்டன் பணிவாகச் சொன்னான்.

“இதுதான் என் அன்றாடம்.”

“இன்னும் கொஞ்சம்... களைப்பாக?”

“தம்பி, தொள்ளாயிரம் பிள்ளைங்களக் கட்டி மேய்ச்சிருக்கேன். ஒருத்தன் கண்ணுலயும் நான் களைச்சுப் பட்டதில்ல. ஒங்கிட்ட வந்து ஆரம்பிக்கச் சொல்றியா?”

அடுத்து ஜன்னல். ஒடெஸா ஜன்னலோரம் நின்று வெளியே வெறிக்க வேண்டும். “எதப் பாக்குற மாதிரி?” என்று அவர் கேட்டதற்கு, “இழந்த எல்லாவற்றையும்” என்றான் கேம்டன். ஒடெஸா ஜன்னலுக்குப் போனார், திரையை விலக்கினார், முகம் இறுகியது, கண் இடுங்கியது. குழுவில் ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே ஒடெஸா பார்த்துக்கொண்டிருந்தது குழுவின் வேனை. அது அவர் வீட்டு வாசலில், யாரும் வண்டி நிறுத்தக் கூடாத தீயணைப்புக் குழாய்க்கு நேர் முன்னால் நின்றது.

இனி ஒரு பாழடைந்த வீடு வேண்டும். தெருவில் அப்படி ஒன்று இல்லை. குழு சுற்று வட்டாரமெல்லாம் அலைந்து, கடைசியில் ஜன்னல்களுக்குப் பலகை அடித்த ஒரு வீட்டைக் கண்டுபிடித்து, புகைமூட்டம் போட்டு எடுக்கத் தொடங்கியது. கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்காரர் வந்தார். “புது ஜன்னல் வைக்கிறோம், அடுத்த வாரம் வாங்க, இன்னும் நல்லாயிருக்கும்” என்று எல்லோருக்கும் காபி கொடுத்தார். காபி நன்றாயிருந்தது. காட்சி கெட்டது.

இதற்கெல்லாம் பிறகுதான் அந்த லாரி வந்தது. நடந்ததைத் தெருவில் இன்றைக்கும் யாரும் சாதாரணக் குரலில் சொல்வதில்லை.

லாரி நிறையப் பாய்போலச் சுருட்டிய புல். எல்லாம் காய்ந்து, மஞ்சளாகி, செத்த புல். கேம்டன் ஒடெஸாவின் வாசலில் நின்று விளக்கினான். “பயப்படாதீர்கள் அம்மா. உங்கள் புல்லை நாங்கள் தொடமாட்டோம். அதன்மேல் இதை விரிப்போம், அவ்வளவுதான். இப்போதிருக்கும் பசுமை பார்வையாளரைக் குழப்புகிறது. கறுப்பின மண் வறண்டிருக்க வேண்டும் என்பது குழுவின் கருத்து.”

ஒடெஸா பேசவில்லை. அவர் பேசாமலிருந்ததைத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை.

பர்னெல் தன் வாசலிலிருந்து இறங்கினார். வேலியைச் சுற்றி வந்தார். பட்டப்பகலில், எல்லோர் கண்ணெதிரேயும், ஒடெஸாவின் புல்தரை நடுவில் போய்க் காலை அகட்டி நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்.

“வெர்னீஸ்! இந்தத் தம்பிகிட்ட சொல்லு, ஒரு சுருள் கீழ எறங்குனா நானும் அதோட சேந்து சுருள்வேன்னு.”

ஒடெஸாவுக்குக் குரல் திரும்பியது. “வெர்னீஸ் கண்ணு, அந்த மனுஷன்கிட்ட சொல்லு, ஓரத்துல மிதிக்க வேணாம்னு. அங்க புது வெத போட்டிருக்கேன்.”

“எனக்குத் தெரியும்னு சொல்லு. கெண்டக்கிப் புல்லு, தாமதமாப் போட்டிருக்காங்க.”

“தாமதமில்லைன்னு சொல்லு!”

லாரி திரும்பிப் போனது. கேம்டன் தன் குறிப்பில் ‘சமூகம் தன் வறட்சியை ஏற்க இன்னும் தயாராகவில்லை’ என்று எழுதிக்கொண்டான்.

*

இலையுதிர் காலத்தில் வெர்னீஸை அழைத்து, மாற்றித் தொகுத்த படத்தைக் காட்டினார்கள். பெயர் ‘வேரற்ற பசுமை: ஒரு மௌனத்தின் மண்ணியல்’. செல்லோ வாத்தியம் அழுதது. ஏரி அலைகள் பின்னோக்கிப் போயின. ஒடெஸா ஸ்லோமோஷனில் ஜன்னல் திரையை விலக்கினார், விலக்கினார், விலக்கிக்கொண்டே இருந்தார். பர்னெல் வெட்டும் காலைக் காட்சி வரவே இல்லை.

“அந்தக் காட்சி எங்கங்க?”

“எடுத்துவிட்டோம்” என்றார் டாக்டர் ஃபிலிப்பா. “அண்டை வீட்டுக்காரர் ரகசியமாகப் புல் வெட்டிக் கொடுப்பது மனதுக்கு மிகவும் இதமாக இருக்கிறது. பார்வையாளருக்கு மனம் இதமாகிவிட்டால் நன்கொடை குறைந்துவிடும். மன்னிக்கவும், கவனம் குறைந்துவிடும் என்று சொல்ல வந்தேன்.”

“அதுதாங்க படமே. அவங்க அதப் பாக்கணும்னுதான் நான் எடுத்ததே. அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“உங்கள் உணர்வை நாங்கள் கேட்கிறோம், வெர்னீஸ். கேட்பதுதான் எங்கள் பணி. இந்தக் கட்டடம் முழுவதும் கேட்பதற்காகவே கட்டப்பட்டது. கேட்டுவிட்டோம்.”

காட்சி திரும்பவில்லை. படத்தை மீட்டுக்கொண்டு போகலாம் என்றால், திரையிடல் போய்விடும். சர்ச் பஸ் ஏற்பாடாகிவிட்டது. திரும்பி வந்ததும் சாப்பிட கெளுத்தி மீன் பொரிக்க ஆள் சொல்லியாயிற்று. பர்னெல் இருபது வருடமாகப் பெட்டியில் கிடந்த கோட்டைச் சலவைக்குப் போட்டிருந்தார். “எல்லாம் சரியா வந்திருக்கா புள்ள?” என்று வாசலில் நிறுத்திக் கேட்டார். வெர்னீஸ், பல் மருத்துவமனையில் சொல்வதுபோலவே, “வந்திடும், வந்திடும்” என்றாள்.

ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு பஸ் நேராக அரங்குக்கு வந்தது. சர்ச் பெண்களின் தொப்பிகள் வரிசையாக இறங்கின. ஊதா, இளஞ்சிவப்பு, இறகு வைத்தது, வலை வைத்தது. மேடையிலிருந்தவர்களுக்குப் பூந்தோட்டம் ஒன்று நடந்து வருவதுபோல இருந்தது. பின்வரிசைக்காரர்களுக்குத் திரை தெரியவில்லை. சாம்பல் சட்டை போட்ட ‘தேற்றுநர்கள்’ சுவரோரமாக டிஷ்யூ பெட்டியும் போர்வையுமாக நின்றார்கள்.

முதலில் மேடையிலிருந்து சொல்லச் சொல்ல எல்லோரும் சேர்ந்து மூச்சைப் பிடித்து விட்டார்கள். பிறகு டாக்டர் ஃபிலிப்பா பேசினார்.

“நாங்கள் குரலற்றவர்களின் குரல். இன்று அவர்களில் பலர் இந்த அரங்கிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் சார்பில் நான் நாற்பது நிமிடம் பேசவிருக்கிறேன்.”

“யாருக்குக் கொரல் இல்லியாம்?” என்றார் ஒடெஸா. நடுவரிசையிலிருந்து அது கூரைவரை போய்த் திரும்பியது.

“வெர்னீஸ், ஒங்களத்தான் சொல்றாங்கன்னு அந்தம்மாகிட்ட சொல்லு” என்றார் பர்னெல்.

அடுத்து டாக்டர் மார்ச்பேங்க்ஸ். “இந்தச் சமூகத்தை நான் தொலைவிலிருந்து ஆழமாக நேசித்திருக்கிறேன். அந்தத் தொலைவை எவ்வளவு சிரமப்பட்டுக் காப்பாற்றி வந்திருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.”

கைதட்டல். விளக்கு அணைந்தது. செல்லோ அழத் தொடங்கியது.

திரையில் ஒடெஸா ஜன்னலுக்கு வந்தார்.

“அடி ஆத்தா, நானு!” என்றார் ஒடெஸா. ஜன்னல் திரை விலகியது. விலகிக்கொண்டே இருந்தது. “அந்தப் பொம்பள என்னத்தப் பாக்குறா?”

“எவனோ வண்டிய நிறுத்திட்டான் போல” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“சீக்கிரம் பாரு தாயி, பஸ்ஸு போயிரும்!”

சர்ச் வரிசைகள் சிரிக்கத் தொடங்கின. அலை பின்னோக்கிப் போனபோது ஒருவர், “ஏரிக்கே பிடிக்கல, வீட்டுக்குப் போகுது” என்றார். தொப்பிகள் குலுங்கின. தேற்றுநர்கள் பதறிப் பாய்ந்தார்கள். இவ்வளவு பெரிய துயர வெளிப்பாட்டை அவர்கள் பயிற்சியில்கூடப் பார்த்ததில்லை. சிரித்தவர்களையெல்லாம் போர்வையால் சுற்றி, முதுகைத் தடவி, “வெளியே விடுங்கள், எல்லாவற்றையும் வெளியே விடுங்கள்” என்றார்கள். போர்வைக்குள்ளிருந்து சிரிப்பு இன்னும் பலமாக வந்தது.

பர்னெல் சிரிக்கவில்லை. சலவைக் கோட்டின் பொத்தானைப் பிடித்தபடி, அடுத்தது வரும், அடுத்தது வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர்கள் ஓடின. விளக்கு எரிந்தது. அவர் திரும்பி வெர்னீஸைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால்கூட வெர்னீஸ் தாங்கியிருப்பாள்.

அரங்கின் மறுபாதி, நன்கொடையாளர்களும் விமர்சகர்களும், எழுந்து நின்று தட்டினார்கள். வெர்னீஸை மேடைக்கு அழைத்து, கண்ணீர்த் துளி வடிவில் கண்ணாடிப் பரிசு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். டாக்டர் ஃபிலிப்பா ஒலிவாங்கியை நீட்டினார்.

“சொல்லுங்கள் வெர்னீஸ். இந்தப் படத்தில் உங்களுக்கு மிகவும் வலித்த இடம் எது?”

“வெட்டின எடந்தாங்க.”

“ஆ! புல்லை வெட்டிய இடம்.”

“இல்லீங்க. படத்த வெட்டின எடம்.”

டாக்டர் ஃபிலிப்பாவின் கை ஒலிவாங்கியைத் தேடி வருவதற்குள் வெர்னீஸ் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “ஒரு துண்டு இதுல இல்ல. நானே வாயால சொல்லிடுறேன். போன கோடையில மிஸ் ஒடெஸா ஆஸ்பத்திரியில இருக்கையில, அவங்க புல்ல வெட்டுனது டீக்கன் ஹாலிஸ் மகன் இல்ல. மிஸ்டர் பர்னெல். விடியுறதுக்குள்ள, சத்தம் கேக்கக் கூடாதுன்னு கைவண்டியால வெட்டுனாரு. ஓரமெல்லாம் கத்தரியால சீவுனாரு.”

“அதான் நான் அப்பவே சொன்னேன்ல!” என்று கத்தினான் ஹாலிஸின் மகன், போர்வைக்குள்ளிருந்து.

ஒடெஸா எழுந்தார். தொப்பியைச் சரிசெய்தார். எப்போதும்போல வெர்னீஸின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அப்புறம் உடம்பு முழுவதையும் திருப்பிப் பர்னெலைப் பார்த்தார்.

“நீங்களா?”

பர்னெலும் எழுந்தார். நாக்கு மேலே ஒட்டியிருந்தது போலும், தலையை மட்டும் ஆட்டினார்.

“அந்தக் கோணலும் நீங்கதானா?”

“அதுவும் நாந்தான்.”

“கை தவறியா?”

“வேணும்னுதான்.”

அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. இம்முறை யாரும் பிடிக்கச் சொல்லவில்லை.

“எதுக்கு வெட்டுனீங்க?”

“நீங்க வீட்டுக்கு வந்து புல்லு காடாக் கெடக்கறதப் பாத்தா மனசு ஒடிஞ்சிருவீங்க. முட்டி ஒடிஞ்சதே போதும்னு தோணுச்சு.”

“அப்புறம் எதுக்குக் கோணலா விட்டீங்க?”

“ஒரு வருஷமாச்சும் நான் ஜெயிக்கணும்ல.”

ஒடெஸா அவரைப் பார்த்தபடியே நின்றார். துணைத் தலைமையாசிரியைகள் தண்டனை யோசிக்கும்போது நிற்கும் நிற்பு அது.

“பரிசுக் குழுத் தலைவிகிட்ட நேரா கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டாளா?”

“மாட்டா.”

“மாட்டாதான்” என்று ஒப்புக்கொண்டார் ஒடெஸா. “நகந்து உக்காருங்க.”

பர்னெல் நகர்ந்தார். ஒடெஸா பக்கத்தில் உட்கார்ந்தார். தொப்பி வரிசைகளிலிருந்து எழுந்த சத்தத்தில், வெர்னீஸ் பிடித்திருந்த ஒலிவாங்கி கீச்சிட்டது. தேற்றுநர்களில் இரண்டு பேர் அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு டிஷ்யூ கொடுக்கத்தான் ஆளில்லை. மார்ச்பேங்க்ஸ் ஏதோ சொல்ல எழுந்தார், முன்வரிசைக்காரி ஒருத்தி திரும்பிப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

பஸ் கிளம்பும்போது கேம்டன் மூச்சிரைக்க ஓடி வந்து கதவைத் தட்டினான். கழுத்துத் துணி எங்கேயோ விழுந்துபோயிருந்தது.

“ஒரு நிமிடம்! உள்ளே நடந்தது எதுவுமே பதிவாகவில்லை. கேமராக்காரர் போர்வைக்குள் மாட்டிக்கொண்டார். டாக்டர் ஃபிலிப்பா முடிவு செய்துவிட்டார், அடுத்த ஆண்டுக் கருப்பொருள் மகிழ்ச்சி. வலிச் சுவரை நாளைக்கே கழற்றுகிறோம். என்னை மகிழ்ச்சி அதிகாரி ஆக்கிவிட்டார்கள். தயவுசெய்து எல்லோரும் இறங்கி வந்து, அம்மா எழுந்து நிற்கும் இடத்திலிருந்து இன்னொரு தடவை... கொஞ்சம் மெதுவாக...”

“அதெல்லாம் ஒரு தடவைதான் தம்பி” என்றார் பர்னெல்.

“மீன் ஆறிப்போகும்” என்றார் ஓட்டுநர். கதவு மூடியது.

பஸ் ஏரியோரமாகத் தெற்கே திரும்பியது. முன்னால் யாரோ பாட ஆரம்பித்தார்கள். வெர்னீஸ் கண்ணாடிக் கண்ணீர்த் துளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின் இருக்கையில் ஒடெஸா தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“பர்னெல்.”

“சொல்லுங்க.”

“எனக்கு வேணா இன்னொரு தடவ சொல்லுங்க. நீங்க எங்க வீட்டு வாசலுக்கு வந்ததுலேர்ந்து. கொஞ்சம் மெதுவா.”